மணியை எட்டாத கைகள்

முறை வேண்டுவோர் எவராயினும் வந்து அடிக்கலாம் என்று அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்தவன் மனுநீதிச் சோழன் என்பது தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் கேட்டு வளரும் கதை. கன்றை இழந்த பசு அம்மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டு முறைசெய்தான். இக்கதையைப் படிக்கும்போது அரசனின் நேர்மையை வியக்கிறோம். பசுவின் துயருக்கு உருகுகிறோம். ஆனால், அம்மணியின் கயிற்றைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு விலங்குக்கும் எட்டும் அளவுக்கு அது தாழ்ந்து தொங்கியது. அதனாலன்றோ முறை நடந்தது! அக்கயிறு ஒரு முழம் உயர்ந்திருந்தால், அரசனின் நேர்மை ஒரு சிறிதும் குறையாமலே, பசுவுக்கு நீதி கிடைக்காமற் போயிருக்கும்.

இன்று அம்மணி உருமாறி நம் கையிலேயே இருக்கிறது. திறன்பேசியில் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலியின் கீழும் ஐந்து நட்சத்திரங்களும், நம் கருத்தை எழுதுவதற்கு ஒரு சிறு கட்டமும் உள்ளன. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் தன் செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டில் ஆண்டிராய்டு செயலிகளுக்கும் கடை உண்டாயிற்று. அன்றுமுதல் உலகெங்கும் உள்ள மக்கள் தம் குறைகளையும் விருப்பங்களையும் அங்கே எழுதிக் குவித்து வருகின்றனர். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் குவியும் இக்கருத்துரைகளைத் தனி மனிதர் படித்து முடிக்க இயலாது. ஆகவே, கணினியே அவற்றைப் படித்து, வகைப்படுத்தி, 'மக்கள் வேண்டுவன இவை' என்று பட்டியலிட்டுத் தரும் முறை தோன்றியது. அப்பட்டியலைக் கொண்டு அடுத்து எதைச் செய்வது, எதை விடுவது என்று மென்பொருளாக்குநர் முடிவுசெய்கின்றனர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தொழில்நுட்பச் செய்தி மட்டுமே. சற்று ஆழ்ந்து நோக்கினால் இதனுள் பழைய அறக்கேள்வி ஒன்று இருப்பது புலனாகும். குரல்களை எண்ணுவது, அவற்றைக் கேட்பது ஆகுமா? கேட்கப்பட்டவர்களின் தேவையே எல்லாருடைய தேவையும் ஆகுமா?

தேவை அறிதல்

மென்பொருள் செய்வதில் மிகக் கடினமான பகுதி எதைச் செய்யவேண்டும் என்று துல்லியமாக முடிவுசெய்வதே என்று பிரெடெரிக் புரூக்ஸ் என்னும் கணினி அறிஞர் 1980களில் எழுதினார். கட்டுவது எளிது, எதைக் கட்டுவது என்று அறிவதே அரிது. வீடு கட்டும் கொத்தனாருக்கும் இது பொருந்தும். சமையலறை எத்திசையில் இருக்கவேண்டும், முதியவர் ஏறக்கூடிய படியின் உயரம் என்ன என்றெல்லாம் கேட்டறியாமல் எழுப்பிய வீடு, சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் குடியிருப்போருக்குத் துன்பமே தரும்.

முன்னாளில் இத்தேவைகளை அறியும் வழி நேர்முகமானது. ஓர் அலுவலகத்திற்கு மென்பொருள் செய்வோர் அங்குச் சென்று எழுத்தர்களோடு அமர்ந்து பேசுவர். அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பர். சொல்லத் தெரியாமல் தவிப்பவற்றையும் உடனிருந்து உணர்வர். பயன்படுத்துவோர் யாவர் என்பது அங்கே தெரிந்திருந்தது. செயலிக் கடை வந்த பின்னர் நிலை மாறியது. பயன்படுத்துவோர் பல நாடுகளில், பல மொழிகளில், முகம் தெரியாமல் பரந்து கிடக்கின்றனர். அவர்களோடு உடனமர்ந்து பேசுதல் இயலாத ஒன்று. அந்நிலையில் அவர்கள் தாமே முன்வந்து எழுதும் கருத்துரைகள் பெருஞ்செல்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பொறி கேட்கும் முறை

பொறி இதனைச் செய்யும் முறையை அறிந்துகொள்வது நலம். முதலில் மனிதர்கள் சில ஆயிரம் கருத்துரைகளைப் படித்து, 'இது பிழையறிவிப்பு, இது புதிய வசதிக்கான வேண்டுகோள், இது பயன்பட்ட அனுபவம், இது வெறும் பாராட்டு' என்று குறிக்கின்றனர். அக்குறிப்புகளைக் கண்டு கணினி, எவ்வகைச் சொற்கள் எவ்வகைக் கருத்துரையில் வருகின்றன என்று கற்றுக்கொள்கிறது. பின்னர் புதிதாக வரும் கருத்துரைகளை அது தானே பிரிக்கிறது. ஒரே குறையைச் சொல்லும் பலவற்றை ஒன்றாகத் தொகுக்கிறது; எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை நட்சத்திரம் தந்தார்கள், எப்போது சொன்னார்கள் என்பவற்றைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது.

இத்துறையில் நம் மண்ணிலும் குறிப்பிடத்தக்க பணி நிகழ்ந்துள்ளது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2014இல் 'ஏஆர்-மைனர்' என்னும் கருவியை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த கருத்துரைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மென்பொருளாக்குநருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தியைக் கொண்டிருந்தது. எஞ்சியவை 'நன்று', 'மோசம்' என்பன போன்ற வெற்றுரைகள். பதரை நீக்கி நெல்லைத் தரும் முறமாக அக்கருவி அமைந்தது.

இதன் நன்மையை மறைத்துப் பேசுதல் முறையன்று. பதினாயிரம் கருத்துரைகளைப் படிக்க நேரும் மனிதர் நூறாவதில் களைத்துப் போவார். தமக்குப் பிடித்தவற்றை நினைவில் வைத்து, பிடிக்காதவற்றை மறந்துவிடுவார். அழகாக எழுதியவருக்கு அதிகச் செவிகொடுப்பார். பொறிக்குக் களைப்பில்லை. சிற்றூரில் இருந்து ஒருவர் நள்ளிரவில் எழுதிய இரண்டு வரியும் அதன் கணக்கில் இடம்பெறும். அதிகாரியின் அறைவாயிலில் காத்துக் கிடந்த மனுக்களை நினைப்பார்க்கு இது சிறிய நன்மையாகத் தோன்றாது. ஆகவே, பொறி கேட்பது தவறு என்பது நம் வாதம் அன்று. பொறி கேட்டதோடு கேட்டல் முடிந்துவிட்டது என்று எண்ணுவதே தவறு.

சொல்லும் குறிப்பும்

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு ஒரு குறை உடனே விளங்கும். 'அடடா, என்ன அருமையான செயலி! நான்கு முறை அழுத்தினால்தான் திறக்கிறது. பொறுமையைக் கற்றுத் தந்தமைக்கு நன்றி' என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். இது வஞ்சப்புகழ்ச்சி என்று நம் மாணவர் சொல்லிவிடுவர். ஆனால் 'அருமை', 'நன்றி' என்னும் சொற்களைக் கொண்டு கணக்கிடும் எளிய கருவி இதனைப் பாராட்டுப் பெட்டியில் போட்டுவிடும். அண்மைக் காலத்துப் பெருமொழிக் கருவிகள் இதில் பெரிதும் முன்னேறியுள்ளன; எனினும், சொல்லின் வெளிப்படைப் பொருளுக்கும் குறிப்புப் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு முற்றும் கடக்கப்பட்டுவிடவில்லை.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை வருகிறது. ஒன்று அமைச்சியலில், மற்றொன்று களவியலில். ஆட்சிக்கும் அன்புக்கும் பொதுவாக வேண்டப்படும் திறன் அதுவொன்றே என்று வள்ளுவர் கருதினார் போலும். பிறர் வாய்திறந்து சொல்லும் முன்பே அவர் உள்ளத்தை முகத்தில் கண்டறியும் அத்திறனுக்கு, முகமே இல்லாத எழுத்துப் பெட்டியில் இடம் ஏது?

நம் மக்கள் எழுதும் மொழியும் இதில் ஒரு சிக்கலாகிறது. ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து வரும். தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில் வரும். தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துரைகள் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து, அவற்றின் உணர்வை மனிதர்களைக் கொண்டு குறித்து, 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்தகைய தொகுப்பு இல்லாத மொழியில் ஒருவர் எவ்வளவு தெளிவாக முறையிட்டாலும், பொறிக்கு அது ஓசையாகவே நிற்கும். செவி எம்மொழிக்குப் பழக்கப்பட்டதோ அம்மொழியாரின் குறையே குறையாகும்.

பேசாத பெரும்பான்மை

இவையெல்லாம் திருத்தக்க குறைகள். கருவி நாளை இன்னும் நன்றாகப் படிக்கும். ஆனால் எழுதப்படாததை எக்கருவி படிக்கும்?

இணையச் சமூகங்களில் 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நிற்கின்றனர். 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுகின்றனர். எஞ்சிய 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுகின்றனர் என்று ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு பொது அளவாகக் கூறினார். பகானோ, மாலெய் என்னும் இருவர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலிக் கருத்துரைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, புதிய பதிப்பு வெளிவந்த சில நாள்களிலேயே பெரும்பாலான கருத்துரைகள் வந்து, பின்னர் விரைந்து குறைகின்றன என்று காட்டியது. விரைந்து பேசுவோரின் குரலே நிறைந்து நிற்கிறது என்பது இதனால் பெறப்படும்.

தாமே முன்வந்து பேசுவோரை மக்கள் அனைவருமாகக் கொள்வதன் தீங்கை வரலாறு முன்னரே காட்டியுள்ளது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ், தொலைபேசி ஏடுகளிலும் கார் உரிமையாளர் பட்டியல்களிலும் பெயர் கண்டு ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அதனைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46இல் வென்றார். கார் இல்லாதவரும் தொலைபேசி இல்லாதவரும் அக்கணக்கில் போதிய இடம் பெறவில்லை. அட்டை பெற்றவருள்ளும் விடையெழுதாதவர் விடுபட்டனர். எண்ணிக்கை பெரிதாக இருந்தது. செவியோ குறுகியதாக இருந்தது.

இதனினும் கூரிய சான்று நம் மொழியின் வரலாற்றிலேயே உண்டு. கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில், 'தமிழில் எழுத இயலவில்லை' என்னும் குறையை அக்கருவியில் தமிழில் எழுதித் தெரிவிக்க வழியில்லை. குறையே குறையைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டது. அந்நாளில் ஒரு பொறி எல்லாச் செய்திகளையும் படித்துத் தொகுத்திருந்தால், 'தமிழ் எழுத்து வேண்டுவோர் எவரும் இலர்' என்றே முடிவு தந்திருக்கும். மலேசியாவில் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன், 2005இல் சிங்கப்பூரில் 'செல்லினம்' வாயிலாகக் கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிசெய்தார். மௌனத்தைத் தேவையின்மை என்று எண்ணாமல், அதனுள் இருந்த தேவையைத் தம் மொழியுணர்வால் அறிந்தவர் செயல் அது.

சிங்கப்பூரில் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நிகழ்ந்ததும் இதற்குப் பொருந்தும். தொற்றுத் தொடர்பைக் கண்டறிய 'டிரேஸ்டுகெதர்' செயலி அவ்வாண்டு மார்ச்சில் வந்தது. திறன்பேசி இல்லாத முதியவர் அச்செயலியின் கீழ் எப்படிக் குறை எழுதுவார்? எத்தனை ஆயிரம் கருத்துரைகளைத் தொகுத்தாலும் அவர் குரல் அதில் இராது. ஜூன் இறுதியில் முதியோருக்குக் கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவிகள் வழங்கத் தொடங்கப்பட்டன. கடைக்குள் வராதவரை நினைத்துப் பார்த்ததனால் பிறந்த தேவை அது.

மாறுவேடம் பூண்ட அரசர்

'பேசாதவரின் தேவையை அறிய வேறு வழி உண்டு. அவர்கள் எங்கே அழுத்துகின்றனர், எவ்விடத்தில் தயங்குகின்றனர், எப்போது வெளியேறுகின்றனர் என்பதைச் செயலியே பதிவுசெய்து சொல்லும்' என்று சிலர் விடையிறுப்பர். மணிக்குக் காத்திராமல் மாறுவேடத்தில் நகர்வலம் வரும் அரசரின் வழி இது. நல்ல வழியே, எனினும் இதில் இரண்டு இடர்கள் உள.

முதலாவது, மக்கள் செய்வதெல்லாம் மக்கள் வேண்டுவது ஆகாது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனம் நண்பர்களின் செயல்களை எல்லாம் ஒரே ஓடையாகக் காட்டும் செய்தியோடையை அறிமுகப்படுத்தியபோது, பல இலட்சம் பேர் எதிர்த்து எழுதினர். ஆனால், அவர்களே அதனை முன்னிலும் மிகுதியாகப் பார்த்தனர். நிறுவனம் தனிமைக் காப்புக்குச் சில திருத்தங்கள் செய்தது, ஓடையை நிறுத்தவில்லை. வாய் ஒன்று சொல்ல விரல் ஒன்று செய்தது. எது உண்மையான விருப்பம்? இனிப்பு நோயாளர் கை பலகாரத் தட்டுக்கு நீள்கிறது. வாய் 'வேண்டா' என்கிறது. கையை மட்டும் எண்ணுபவர் வணிகர். வாயையும் மதிப்பவர் நண்பர்.

இரண்டாவது, மறைந்து கேட்பவர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. பொற்கைப் பாண்டியன் கதை அதனை உணர்த்தும். காவலுக்காக இரவில் நடந்த அரசன், ஐயுற்று ஒரு வீட்டின் கதவைத் தட்டினான். உள்ளிருப்பவன் அப்பெண்ணின் கணவனே என்று உணர்ந்ததும், அவள்மேல் பழி வாராதிருக்கத் தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிச் சென்றான். மறுநாள் குடிகள் முறையிட்டபோது தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். நல்லெண்ணத்தோடு பிறர் வாயிலில் நின்று கேட்டாலும், கேட்டவன் விலைகொடுக்கக் கடமைப்பட்டவன் என்று அன்றைய மக்கள் எண்ணினர். இன்று நம் விரலசைவுகளைப் பதிவுசெய்வோரில் தம் கையை ஈடாக வைத்தவர் எத்தனை பேர்? மேற்கூறிய தொடர்பறி செயலியின் தரவைக் குற்றப் புலனாய்வுக்கும் காவல்துறை பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளிப்பட்டபோது மக்களிடையே கலக்கம் உண்டானது. அடுத்த திங்களே அப்பயன்பாட்டை ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நோக்கத்திற்குத் திறந்த செவி வேறு நோக்கத்திற்கும் கேட்கும் என்றால், அதனை முன்னரே சொல்லவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மக்களிடம் உயிரோடு இருப்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

எண்ணிக்கையும் எடையும்

குரல்களை எல்லாம் குறைவின்றிக் கேட்டுவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும். ஒரு செயலிக்குக் கரும்பின்னணி நிறம் வேண்டும் என்று பதினாயிரம் பேர் கேட்கின்றனர். கண்பார்வையற்ற ஐவர், 'திரையை உரக்கப் படிக்கும் கருவி இச்செயலியில் ஒவ்வோர் இடத்திலும் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதுகின்றனர். வரிசைப்படுத்தும் பொறி நிறத்தை முதலிலும் பொத்தானைக் கடைசியிலும் வைக்கும். முதலது ஓர் இன்பம், பின்னது நுழைவாயில். பதினாயிரம் சிறு விருப்பங்களைக் கூட்டினால் ஒரு பெரும் உரிமை ஆகிவிடுமா? ஆகாது என்பதே நம் அறவுணர்வின் விடை. எண்ணிக்கை தராசின் ஒரு தட்டு. துன்பத்தின் எடை மற்றொரு தட்டு.

கூலிக்கு மணி அடிப்பவரும் உளர் என்பதை மறத்தலாகாது. பொய்க் கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் விதி வகுக்கும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்துவிட்டது. எண்ணிக்கையே நீதி என்றால், பணமுடையார் எண்ணிக்கையை வாங்கிவிடுவர்.

'நிறுவனம் அறச்சாலை அன்று. பெரும்பான்மையோர் விரும்புவதைச் செய்வதே வணிகம்' என்பார் உளர். பலகாரக் கடைக்கு அவ்வாதம் ஒருவாறு பொருந்தும். ஆனால் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அரசு அலுவலகத்திற்கும் செல்லும் வழி இன்று செயலியின் ஊடாகவே அமைகிறது. பொதுவழியில் படி கட்டுவோர், ஏற இயலாதவரை எண்ணாமல் கட்டும் உரிமை பெற்றவர் அல்லர்.

ஆகவே, பொறியின் துணையை ஏற்போர் மூன்று கடமைகளையும் உடன் ஏற்கவேண்டும். பட்டியலில் யாருடைய குரல் இல்லை என்று கேட்டு, அவர்களைத் தேடிச் சென்று காணுதல் ஒன்று. கேட்பதையும் பதிவுசெய்வதையும் மறைக்காமல் சொல்லுதல் மற்றொன்று. எதை ஏற்றோம், எதை ஏன் விலக்கினோம் என்று மனிதர் ஒருவர் தம் பெயரால் விடைசொல்லுதல் மூன்றாவது. 'கணினி அவ்வாறு வரிசைப்படுத்தியது' என்பது விடையாகாது. தேர்க்காலில் மகனை இடச் சொன்னது மணியன்று, அரசனே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இக்கேள்வி வகுப்பறைக்குப் புதியதன்று. 'விளங்கிற்றா?' என்று ஆசிரியர் கேட்டவுடன் முன்வரிசையில் சில கைகள் உயர்கின்றன. அக்கைகளை எண்ணிப் பாடம் நடத்துபவர் பாடத்தை முடிப்பார். பின்வரிசையில் குனிந்த தலையைக் காண்பவரே மாணவரை உயர்த்துவார். உயராத கையிலும் ஒரு கேள்வி உண்டென்பதை நம் ஆசிரியர்கள் பட்டறிவால் அறிவர். மென்பொருளாக்குநர் கற்கவேண்டிய பாடம் அதுவே; அதனைக் கற்பிக்கும் தகுதி நம்மவர்க்கு உண்டு.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. குறை கண்டவிடத்து 'மோசம்' என்று ஒரு சொல்லோடு நில்லாமல், எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதப் பழகவேண்டும். இயன்றவிடத்தெல்லாம் தமிழில் எழுதவேண்டும். நாம் எழுதாத மொழியைப் பொறி கற்காது. வீட்டில் உள்ள பாட்டிக்குச் செயலி புரியவில்லையெனில், அவர் சொல்வதைக் கேட்டு அவர் பொருட்டும் எழுதவேண்டும். நாளை இம்மாணவருள் சிலர் மென்பொருள் செய்வோராக அமர்வர். பொறி நீட்டும் பட்டியல் அவர்கள் மேசைக்கு வரும்போது, அதன் முதல் வரியைப் படிக்கும் முன், இதில் எழுத இயலாதவர் யாவர் என்று ஒருமுறை கேட்பார்களாயின், மணியின் கயிறு ஒரு முழம் தாழும்.